ஏரிக்கரைக்கு எதற்கு கார்?

காஞ்சிபுரம் என்று சொன்னதும் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவது மூன்று விஷயம். பட்டுப்புடவை, கோயில், இட்லி. ஏரி என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரிகளின் மாவட்டம் என்றுதான் பெயர். 1997ல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019ல் காஞ்சிபுரத்திலிருந்து மறுபடி செங்கல்பட்டு தனியாகப் போனது. மாவட்டத்தின் பெயர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஏரிகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. (சில ஏரிகள் இப்போது இல்லை, அவற்றின் மேல் வீட்டுமனைகள் இருக்கின்றன. அது தனிக் கதை.)

இந்தக் கட்டுரையின் விஷயம் ஏரி மட்டும் அல்ல. ஏரிக்குப் போகும் வழி. அதை எதில் ஏறிப் போவது என்பது. சைக்கிளில் போக வேண்டும் என்பதுதான் இங்கே சொல்லவருவது. "பெட்ரோல் மிச்சம், உடம்புக்கு நல்லது" என்று பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் எழுதும் காரணங்களை விட்டுவிடலாம். அவை எல்லோருக்கும் தெரிந்தவை. வேறு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முதலில் பாதையைப் பார்க்க வேண்டும்.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து கிளம்பினால்...

காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். பெரிய காஞ்சி, சின்னக் காஞ்சி என்பதுபோல இதற்கு ஜினகாஞ்சி என்று பெயர். பல்லவர் காலத்திலிருந்தே சமணர் கோயில் இருக்கும் ஊர். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியவர் விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர். மேலே அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க தீர்த்தங்கரர்களின் வாழ்க்கைக் கதை ஓவியமாக இருக்கும். கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்க வேண்டிய இடம். பட்டுப்புடவை வாங்க வரும் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் இங்கே எட்டிப் பார்த்தாலே ஆச்சரியம்.

சைக்கிள் பயணம் இந்த ஊரிலிருந்து கிளம்புவதில் ஒரு பொருத்தம் உண்டு. சமணத் துறவிகள் வண்டி ஏற மாட்டார்கள். எத்தனை நூறு மைல் ஆனாலும் கால்நடைதான். வேகமாகப் போகும் வண்டி வழியில் இருக்கும் சின்ன உயிரைப் பார்க்காது என்பது அவர்கள் கணக்கு. எல்லோரும் துறவியாக முடியாது. ஆனால் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடியும் அல்லவா?

அங்கிருந்து ஓரிக்கை வந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். வருடத்தில் பெரும்பாலான நாள் பாலாறு என்பது மணல்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஊரே பாலத்தில் நிற்கும். அடுத்து செய்யாற்றங்கரையில் மாகறல், சம்பந்தர் பாடிய தலம். பிறகு உத்திரமேரூர். இதுவரை சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து தென்கிழக்காக ஊர்ச்சாலைகளில் இறங்கினால் கரிக்கிலி, அதைத் தாண்டி வேடந்தாங்கல். மொத்தம் 45லிருந்து 50 கிலோமீட்டர் வரும். நிதானமாக மிதித்தால் நான்கு மணி நேரம். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் இட்லி நேரம் கொஞ்சம் தாண்டிப் போய்ச் சேரலாம்.

மேடு கிடையாது. மொத்தப் பாதையும் சமதளம். ஏறித்தான் ஆக வேண்டும் என்று இருப்பது பாலங்களும் ஏரிக்கரைகளும் மட்டுமே. கியர் வைத்த முப்பதாயிரம் ரூபாய் சைக்கிள் தேவையில்லை. தறிநெய்பவர் நெய்த புடவையைத் துணியில் சுற்றி சங்கத்துக்கு எடுத்துப்போகும் சாதாரண சைக்கிளே போதும்.

வழியில் ஒரு பஞ்சாயத்து

உத்திரமேரூரில் இறங்காமல் போகக் கூடாது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலை முறையில் யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரசியல்வாதிகள் மேடையில் இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசும்போது தேர்தலோடு நிறுத்திவிடுவார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அதில் முக்கியமான ஒரு குழு ஏரி வாரியம்! ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு வாரியம். அந்த ஊர் ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்தில் வெட்டியது.

ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிராமம், ஏரி என்பது தானாக இருக்கும் பொருள் அல்ல, ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று புரிந்து வைத்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போனால் அங்கே நடந்தது இன்னும் நன்றாகப் புரியும்.

வேடன் ஊரில் பறவைக்குக் காவல்

வேடர்கள் தங்கிய ஊர் என்று பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி என்றும் ஒரு பொருள் உண்டு. பழவந்தாங்கல் மாதிரி. எது சரியோ, வேடன் பெயர் வைத்த ஊர் பறவைக்குக் காவல் நின்றதுதான் வேடிக்கை.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பொழுதுபோக்குக்காக இந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். இங்கே யாரும் சுடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். 1858ல் அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936ல் இது சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022ல் வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்.

ஊர்மக்கள் ஏன் முறையிட்டார்கள்? இரக்கம் மட்டும் காரணம் இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. உரம் போட வேண்டியதில்லை, பயிர் செழிக்கிறது. உரக்கடை இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்! பறவைக்கும் ஊருக்கும் இருந்தது ஒரு கொடுக்கல் வாங்கல். பறவைகள் உரம் கொடுத்தன. ஊர் அமைதியைக் கொடுத்தது.

அமைதி என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அந்த ஊர் பறவைகளுக்குத் தீனி போடவில்லை, கூடு கட்டித் தரவில்லை. ஏரிக்குள் வளர்ந்த நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் கூட்டுக்குப் போதும். நத்தையும் மீனும் வயலிலும் மற்ற ஏரிகளிலும் கிடைக்கும். ஊர்மக்கள் கொடுத்தது, தொந்தரவு செய்யாமல் இருந்தது ஒன்றுதான். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள் என்று வருடாவருடம் செய்தி வருகிறதே, அதுவும் இதே வகை ஒப்பந்தம்தான்.

துப்பாக்கி போய் ஹாரன் வந்தது

இப்போது நிலைமை என்ன? சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. மழை பெய்து ஏரி நிறைந்ததும் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா என்று வந்து கூடு கட்டும். ஏரி சின்னது. சுமார் 30 ஹெக்டேர்தான், அதாவது 75 ஏக்கருக்குள். அந்தச் சின்ன இடத்தில் ஆயிரக்கணக்கில் பறவைகள். கரையில் நின்று பார்த்தால் மரமே தெரியாது, வெள்ளை வெள்ளையாகப் பறவைதான் தெரியும்.

அதைப் பார்க்க சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் கார்களும் வேன்களும் குறுகலான ஊர்ச்சாலையில் மாட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று பார்த்து ஹாரன் அடிக்கும். பறவை பார்க்க வந்தவர்கள், பறவைக்கு எது தேவையோ அதை எடுத்துப்போட்டு உடைத்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள்.

"வண்டியெல்லாம் வெளியேதானே நிற்கிறது? கரையில் நடந்துதானே போகிறார்கள்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சரணாலயம் என்பது அந்த ஏரி மட்டும் இல்லை. 1998 அறிவிக்கையின்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரமும் சரணாலயத்தில் சேர்த்திதான். காரணம் இருக்கிறது. கூடு ஏரியில் இருந்தாலும் சாப்பாடு ஏரியில் இல்லை. நத்தைகுத்தி நாரை தன் குஞ்சுக்கு நத்தை பொறுக்குவது சுற்றுவட்டார நெல்வயல்களிலும் குட்டைகளிலும்தான். 2020ல் இந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்க ஒரு யோசனை வந்தபோது அவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது இதனால்தான்.

அப்படியானால் "வெளியே" என்று நினைத்து ஹாரன் அடிக்கும் சாலை உண்மையில் சரணாலயத்துக்கு உள்ளே இருக்கிறது! கேட் போட்ட இடத்தில் சரணாலயம் ஆரம்பிக்கவில்லை.

கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை பயந்து எழுந்தால் என்ன ஆகும்? முட்டை வெயிலில் கிடக்கும். காக்கைக்கு அந்த இரண்டு நிமிடம் போதும். துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழுந்தால்தான் இப்படி என்று இல்லை.

20 நிமிடம்தான்

ஆகவே கோரிக்கை இதுதான். சீசன் மாதங்களில், ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களிலாவது, வேடிக்கை பார்க்க வருபவர்களின் மோட்டார் வண்டிகளை அந்தக் கடைசி 5 கிலோமீட்டருக்கு வெளியே நிறுத்த வேண்டும். அங்கிருந்து வாடகை சைக்கிள். 5 கிலோமீட்டர் என்பது சைக்கிளில் 20 நிமிடம். அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்களுக்குப் படாளம் ஸ்டேஷனிலிருந்தே சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கிருந்து 10, 12 கிலோமீட்டர்தான். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு உத்திரமேரூர் பஸ் நிலையம் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இந்த வாடகைக் கடைகளை நடத்தலாம். ஒரு காலத்தில் மணிக்கு ஒரு ரூபாய் என்று தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை இருந்த நாடுதானே இது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுபவர்கள் ராஜஸ்தானில் பரத்பூரைப் பார்க்கலாம். கேவலாதேவ் தேசியப் பூங்கா. 29 சதுர கிலோமீட்டர், 1985லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஓரளவு தூரத்துக்கு மேல் பயணிகளின் மோட்டார் வண்டிக்கு அங்கே இடமில்லை. வாசலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இல்லையென்றால் சைக்கிள் ரிக்‌ஷா. ரிக்‌ஷா ஓட்டுபவர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவர்களே வழிகாட்டி, பறவையின் பெயரை மளமளவென்று சொல்வார்கள். பணக்காரச் சுற்றுலாப் பயணிகள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவார்கள். அதனால் பரத்பூருக்குக் கூட்டம் குறைந்துவிடவில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இதற்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது. கொடைக்கானல் ஏரி. 1863ல் வியர் லெவிஞ் என்ற கலெக்டர் உருவாக்கியது. சுற்றிலும் மரம், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சாலை, வாடகை சைக்கிள். கேட்கும்போது சொர்க்கம் மாதிரி இருக்கிறது. மே மாதம் போய்ப் பார்த்தால் தெரியும். அதே சாலையில் காரும் வேனும் குதிரையும் சைக்கிளும் முட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2025ல் கோடை சீசனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையே வைத்தார்கள். சைக்கிள் இருந்தால் மட்டும் போதாது, சாலை அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்த ஏரி சாட்சி. வேடந்தாங்கல் அந்த நிலைமைக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

சுற்றுப்பாதை வேண்டாம்

சைக்கிள் ஆர்வலர்களில் சிலர் உடனே ஒன்று கேட்பார்கள். "அப்படியே ஏரியைச் சுற்றி முழுசாக ஒரு சைக்கிள் பாதை போட்டுவிடலாமே?" வெளிநாட்டுப் படங்களில் பார்த்த ஆசை இது. நடுவில் நீலத் தண்ணீர், சுற்றிலும் காடு, காட்டுக்குள் வளையமாக ஒரு பாதை.

நம்ம ஊர் ஏரி அந்த மாதிரி கிடையாது. இயற்கையான பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அல்ல இது. சரிவான நிலத்தில் பள்ளமான பக்கம் மட்டும் குதிரை லாடம் மாதிரி மண்கரை போட்டு மழைத்தண்ணீரை நிறுத்துவதுதான் ஏரி. கரைப் பக்கம் மதகும் கலங்கலும் இருக்கும். எதிர்ப்பக்கம் கரையே இருக்காது. அது நீர்ப்பிடிப்பு. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வருவது அந்தப் பக்கம். மழைக்காலத்தில் தண்ணீராக இருக்கும், கோடையில் மாடு மேயும்.

அந்தப் பக்கம் மண்ணைக் கொட்டிப் பாதை போட்டால் தண்ணீர் வரும் வாசலையே அடைப்பது போல. ஏரிக்கு அழகு செய்கிறோம் என்று சுற்றிலும் நடைபாதை, விளக்கு, பெஞ்ச், செல்ஃபி பாயிண்ட் என்று போடுவது எல்லா ஊரிலும் பழக்கமாகிவிட்டது. அதையே பச்சை பெயின்ட் அடித்து சைக்கிள் பாதை என்று சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். காஞ்சிப் புடவைக்குக் கரை இரண்டு பக்கமும் வேண்டும். ஏரிக்கு ஒரு பக்கம்தான்.

ஆகவே ஏரியைச் சுற்றி வர நினைப்பவர்கள் இருக்கிற ஊர்ச்சாலைகளிலேயே சுற்ற வேண்டும். கொஞ்ச தூரம் கரை ஓரம், பிறகு வயல் நடுவே, பிறகு ஒரு ஊருக்குள் நுழைந்து டீ குடித்து, அடுத்த ஏரியின் கரை. வேடந்தாங்கலிலிருந்து கரிக்கிலிக்கும் உத்திரமேரூருக்கும் போய் வருவது அப்படித்தான். இந்தச் சாலைகளுக்குத் தேவையானது குண்டு குழி இல்லாமல் இருப்பது மட்டும். அகலப்படுத்தினால் மரம் போகும், வேகம் வரும். வேகம் வந்தால் ஜல்லி லாரியும் டிப்பரும் இந்த வழியே குறுக்குவழி பிடிக்கும். அதற்குப் பிறகு எந்த அம்மாவும் தன் பிள்ளையை அங்கே சைக்கிளில் அனுப்ப மாட்டார்.

எதிர்க்கேள்விகள்

வயதானவர்கள், கால் முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? நியாயமான கேள்வி. பேட்டரி வண்டி விடலாம். சத்தம் இல்லாமல் போகும்.

உள்ளூர்க்காரர்கள்? அவர்களுக்கு எந்தத் தடையும் கூடாது. அவர்கள் டிராக்டர், டூவீலர், ஊருக்கு வரும் பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் வழக்கம்போலப் போக வேண்டும். இருநூறு வருடத்துக்கு மேல் காவல் நின்றவர்களுக்கே கெடுபிடி போட்டால் அதைவிட அநியாயம் இல்லை.

வியாபாரம் படுத்துவிடாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். காரில் வருபவர் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் சென்னையிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார். ஏரியைப் பார்த்துவிட்டு அப்படியே மகாபலிபுரம் போய்விடுகிறார். சைக்கிளில் வருபவருக்குப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் பசிக்கும்! இளநீர், டீ, வடை, மோர் என்று வழிநெடுகப் பணம் இறங்கும். காரில் இருப்பவர்களைப் போலக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு ஊரைக் கடக்க அவருக்கு வழியில்லை. அவருக்கு வழி கேட்க வேண்டும், நிழல் வேண்டும், சில சமயம் பஞ்சரும் ஒட்ட வேண்டும்.

வெயில்? சீசனே குளிர்காலம். டிசம்பர், ஜனவரி காலையில் பனி விழும். மார்ச் வந்ததும் பறவையும் கிளம்பிவிடும், நீங்களும் கிளம்பிவிடலாம்.

சைக்கிள்காரர்களால் தொந்தரவே இல்லையா? இருக்கிறது. இதையும் சொல்லியாக வேண்டும். ஐம்பது அறுபது பேர் ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரில் ஸ்பீக்கர் மாட்டி, "பறவைகளைக் காப்போம்" என்று கோஷம் போட்டுக்கொண்டு போனால் பறவைக்குக் காரே பரவாயில்லை என்று தோன்றும். விழா எல்லாம் வேண்டாம், கொடியசைத்துத் தொடங்கிவைக்க வேண்டாம். நாலைந்து பேராகப் போகட்டும். பாட்டு இல்லாமல் போகட்டும்.

மதிப்புப் பிரச்சனை

உண்மையான தடை இது எதுவும் இல்லை. சைக்கிள் என்றால் வசதி இல்லாதவன் வண்டி என்ற நினைப்புதான் தடை.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்குப் பஞ்சம் இல்லை. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2005-06லிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் என்று ஆனது. இருபது வருடத்தில் எத்தனை லட்சம் சைக்கிள் வீட்டுக்கு வந்திருக்கும்! அதற்கும் முன்னால் 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அந்தப் பெண்களுக்கு அது உடற்பயிற்சி இல்லை. யாரையும் கேட்காமல் ஒரு இடத்துக்குப் போய் வரும் உரிமை.

அந்த சைக்கிள்கள் இப்போது எங்கே? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். காலேஜ் போகும் பையனுக்கு பைக்தான் கௌரவம். காலேஜ் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் "என்ன மச்சி, பேப்பர் போட வந்தியா?" என்று கேட்கும் நண்பர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அதே நண்பர்கள், யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் உலகம் சுற்றுவதைப் பார்த்து லைக் போடுவார்கள். வெள்ளைக்காரன் மிதித்தால் சாகசம், கீழ்வீட்டுத் தாத்தா மிதித்தால் ஏழ்மை. இது என்ன நியாயம்?

காஞ்சிபுரம் நெசவாளர் தெருக்களில் காலையில் தெருவிலேயே பாவு நீட்டுவார்கள். வீட்டுக்குள் இடம் போதாது, தெருவின் நீளம் வேண்டும். வண்டி வந்தால் வேலை கெட்டுவிடும். அதனால் அந்த நேரத்தில் அந்தத் தெரு அவர்களுடையது என்று ஒரு புரிதல் இருந்தது. நடந்து வருபவர் ஓரமாகப் போவார், சைக்கிளில் வருபவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். யாரும் போர்டு வைக்கவில்லை, அபராதம் போடவில்லை. சாலை என்பது வண்டிக்கு மட்டும் பிறந்தது இல்லை, அங்கே வேறு வேலையும் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வேடந்தாங்கலுக்குப் போகும் சாலையில் அப்படி ஒரு வேலை நவம்பரிலிருந்து மார்ச் வரை நடக்கிறது. இரண்டு பக்க வயலிலும் நாரைகள் நத்தை பொறுக்கிக்கொண்டிருக்கின்றன, அரை மணி தூரத்தில் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன.

அரசாங்கம் உத்தரவு போடும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் சைக்கிளுக்குக் காற்று அடித்து, செயினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும். கூட ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பஞ்சர் கிட். இந்த மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்த சேதி வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பாருங்களேன். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். சத்தம் மட்டும் போடாதீர்கள்.